வெடிக்காத நான்காவது வேட்டு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். நான் நான்காம் வகுப்புவரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்தது உளியும் சம்மட்டியும்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். நம் சபைப் போதகரான ஐயர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்துங்கள் ஐயா, நடந்ததைத் திருத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

என் பெயர் யோவான். ஞானஸ்நானத்துக்கு முன் சின்னதம்பி. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஊர் அரியலூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே. என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் பேசாத ஆள் என்பதும் தெரியும். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. பெரிய மனிதர் யாராவது எதிரே நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது அடக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அடக்கம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் கிணற்றில் வேட்டு வைப்பது. பெரம்பலூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் இருபது அடியில் கரும்பாறை வந்துவிடும். அங்கே மண்வெட்டிக்கு வேலை இல்லை. உளியைப் பிடித்து ஒருவன் உட்கார, இன்னொருவன் சம்மட்டி போட, பாறையில் முழ ஆழத்துக்குக் குழி இறக்குவோம். கருமருந்தைக் கொட்டி, திரி வைத்து, களிமண்ணால் இறுக்குவோம். பிறகு ஒருவன் மட்டும் கீழே நின்று எல்லாத் திரிக்கும் நெருப்பு வைத்துவிட்டு, வடத்தைப் பிடித்து மேலே வந்துவிட வேண்டும். "வேட்டு! வேட்டு!" என்று கத்திக்கொண்டே எல்லோரும் ஓடி மறைவில் படுத்துக்கொள்வோம்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நெருப்பு வைத்தவன்தான் எண்ண வேண்டும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். அவன் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்தவன் இறங்கலாம். ஒன்று குறைந்தால், குறைந்ததோ என்று சந்தேகம் வந்தால்கூட, அன்றைக்கு வேலை இல்லை. மறுநாள் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் இறங்குவோம்.

என் கூட்டாளி ஞானமுத்து. அவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். நான் அப்போது இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். அவன் உளி பிடித்தால் நான் சம்மட்டி, நான் உளி பிடித்தால் அவன் சம்மட்டி. கிணற்றில் இறங்கும் முன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பான். "என்னடா, உங்க சாமிக்குக் கெணத்துக்குள்ள கண்ணு தெரியுமா?" என்று கேலி பண்ணுவேன். "ஒன் சம்மட்டி ஏங்கையில விழாம பாத்துக்கிறாரே, அது போதும்டா" என்பான்.

1942ஆம் வருஷம் சித்திரை மாதம். பெரம்பலூருக்கு மேற்கே ஒரு மிராசுதார் கிணறு. அன்றைக்கு நான்கு குழி. நெருப்பு வைத்தது நான். மேலே வந்து கல் மறைவில் படுத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குமேல் சத்தம் இல்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

மிராசுதார் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன் கிணற்றில் ஊற்று வந்ததைக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். குடையோடு வந்து நின்று, "நாலும் போயிருச்சு. நானே கேட்டேன். எறங்குங்கடா" என்றார்.

ஞானமுத்து அவர் பேச்சுக்கு இறங்கவில்லை. முறைப்படி என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் கல்தூள்.

"நாலாடா?" என்றான்.

மூணுதான் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. மிராசுதார் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் சம்பந்தியும் பார்க்கிறார். பெரியவர் கேட்டேன் என்கிறார், இவன் யார் இல்லை என்பதற்கு? எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை இரண்டு சேர்ந்து வெடித்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தலையை ஆட்டினேன்.

அவன் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு வடத்தைப் பிடித்து இறங்கினான். கடப்பாரையால் கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான்காவது வேட்டுச் சத்தம் கேட்டது.

இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

"அவசரக்காரப் பய, சொல்றதுக்குள்ள எறங்கிட்டான்" என்று மிராசுதார் சொன்னார். விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். என்னைக் கேட்டார்கள். அதற்கும் நான் தலையை ஆட்டினேன். ஞானமுத்து அவசரப்பட்டுச் செத்தான் என்று ஊருக்குள் பேச்சு நிலைத்துவிட்டது.

வேட்டுத் தொழிலை அன்றோடு விட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை. கண்ணை மூடினால் அவன் வருவான். கோபமாக வந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கல்தூள் முகத்தோடு நின்று, நான் சொல்வதை நம்பப்போகிறவன் மாதிரி, "நாலாடா?" என்று கேட்பான். யாராவது கதவை மூன்று தட்டுத் தட்டினால் நான்காவது தட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி தங்கம் பூசாரியிடம் அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். கயிறு இற்று விழுந்தது. அவன் போகவில்லை.

ஞானமுத்துவின் மனைவி சாராள் எங்கள் ஊர்தான். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். விறகு வெட்டிப் போடுவேன், கூரை வேய்ந்து கொடுப்பேன். வேலை முடிந்தால் சோறு போடுவாள். ஒருநாள், "இப்புடியே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்களே அண்ணே, ஒருதரம் எங்க வேதக் கோயிலுக்கு வாங்களேன்" என்றாள். போனேன். தங்கமும் வந்தாள். ஜன்னல் ஓரத்தில் பாயில் ஓர் இடத்தைக் காட்டி, "இது அவரு குந்துற எடம். நீங்க குந்துங்க" என்றாள் சாராள். நான் உட்கார்ந்தேன்.

எல்லாம் எனக்குப் புதிதாக இருந்தது. ஆண்களும் பெண்களும் வாய்விட்டுப் பாடினார்கள். எங்கள் கோயிலில் மணிக்குப் பதிலாக ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். ஆராதனை தொடங்க அதை மூன்று தட்டுத் தட்டுவார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று எனக்கு விளக்கினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் நான்காவதுக்குக் காத்திருந்தேன். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூட மாட்டேன். மூடினால் யார் வருவான் என்று எனக்குத் தெரியும். "சின்னதம்பி அண்ணன் முழிச்சிக்கிட்டு யாரு செருப்ப யாரு எடுக்குறான்னு காவல் காக்குறாரு" என்று பெண்கள் சிரித்தார்கள்.

இருந்தாலும் அங்கே சொன்ன காரியங்கள் எனக்குள் போயின. 1945 கிறிஸ்துமஸில் ஞானஸ்நானம் பெற்றேன். அதற்கு முன் பழைய ஐயர் என்னைத் தனியே உட்காரவைத்து, செய்த பாவங்களை ஆண்டவருக்கு அறிக்கையிடச் சொன்னார். சின்னச் சின்னதை எல்லாம் சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன். தலையில் தண்ணீர் விழுந்தபோது கண் தானாக மூடியது. "நாலாடா?" என்றான். அன்றிலிருந்து முன்னைவிட மோசமானேன். ஆண்டவருக்கும் தலையை ஆட்டிவிட்டேனே என்று பயம். என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்பதுதான் அடுத்த இரண்டு வருஷம் என் ஜெபம். வேறு ஜெபம் எனக்கு இருக்கவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம், 1947இல், இப்போது இருக்கிற ஐயர் வந்தார். வயதில் சிறியவர். கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறன்று, கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெபப் புத்தகத்தை ஓரமாக மூடி வைக்கப் போகிறோம் என்றார். யார் யாருக்கு மனம் வருகிறதோ அவர்கள் எழுந்து சொந்த வார்த்தையில் ஒரு வரி ஜெபிக்க வேண்டுமாம்.

சபை அரண்டுபோயிற்று. முப்பது வருஷம் உபதேசியாராக இருந்த பெரியவர் எழுந்தார். "ஆண்டவருக்கு முன்னாடி வாய்க்கு வந்தத ஒளர்றதாங்க ஐயரே? பெரியவங்க அழகா எழுதி வச்சிருக்காங்க. அதுல என்ன கொறச்சல்?"

"குறைச்சல் இல்லைங்க. ஆண்டவர் பெத்லகேமிலே பிறப்பார்னு படிச்சவங்க ஏட்டைப் பார்த்துச் சரியாத்தான் சொன்னாங்க. ஆனா வீட்டை விட்டு ஒருத்தரும் போகல. மேய்ப்பருங்களுக்கு ஏடு தெரியாது. போனாங்க, பார்த்தாங்க, பார்த்ததைச் சொன்னாங்க. இந்த ஒரு நாள் நாமளும் மேய்ப்பர் மாதிரி இருந்து பார்ப்போமே."

"எனக்கு எங்கூட்டு மாட்டுக்குத்தான் வேண்டத் தெரியும்" என்றாள் தங்கம்.

"அதையே வேண்டுங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சொந்த வார்த்தை என்றால் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை, கார்த்திகையிலும் இல்லை. எங்கள் தெருக் கிணறு வறண்டு, பெண்கள் ஏரிக்கு நடந்தார்கள். பண்டிகைக்குள் கிணற்றை ஆழப்படுத்தலாம் என்று சபையார் முடிவு செய்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை. வேட்டு வைக்க என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அரியலூரிலிருந்து பக்கிரிசாமி என்ற வேட்டு மருந்துக்காரரைக் கூட்டிவந்தார்கள்.

பண்டிகைக்கு ஐந்து நாள் இருந்தது. உச்சி வெயில். ஐந்து குழி. நான் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சுவரில் சாய்ந்து நின்றேன். வேட்டு போட்டார்கள். என் வாய் தானாக எண்ணியது. நான்கு வந்தது. ஐந்தாவது வரவில்லை.

"அஞ்சும் போச்சு. எறங்கலாம்" என்றார் பக்கிரிசாமி.

இறங்கப்போனவன் சாராளின் தம்பி தாவீது. வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். சாராள் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, இந்த ஒரு தரம் என் வாயைத் திறந்துவிடும், பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று கேட்டேன். இரண்டு வருஷத்தில் சாவைத் தவிர வேறொன்றை நான் கேட்டது அப்போதுதான்.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துவது போல இருந்ததாம். "எறங்காத! நாலுதான்! நாலுதான் வெடிச்சிருக்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். பக்கிரிசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருய்யா நீ? மருந்து வச்சது நானா நீயா? அஞ்சு போச்சுன்றேன்!"

"நாலுதான்" என்றேன். வாய் நிற்கவில்லை. "நாலுதான். எறங்காத. நாலுதான்."

ஐயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பேசவே பேசாத மனுஷன் இப்படிக் கத்துறார்னா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். தாவீது வடத்தை அவிழ்த்தான். இன்னும் ஒரு நாள் ஏரிக்கு நடக்க வேண்டுமே என்று பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கிரிசாமியே இறங்கினார். சபையாரே, இந்த இடத்தில் ஐந்தாவது குழி வெடிக்காமல் கிடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. கீழேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அஞ்சும் வெடிச்சிருக்குய்யா! ரெண்டு ஒண்ணா போயிருக்கு. நாலுதான்னு கத்துனவரு காதுல பஞ்சு கிஞ்சு இருக்கான்னு பாருங்க!" எல்லோரும் சிரித்தார்கள். ஊற்றும் வந்திருந்தது. இன்றைக்கும் என்னை 'நாலுதான் யோவான்' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு.

நான் கேட்டது தவறு. ஆனால் ஆண்டவரிடம் நான் கேட்டது என் காது சரியாக இருக்க வேண்டும் என்று அல்ல.

அன்று சாயங்காலம் சாராள் புதுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும் வழியில் என் வீட்டு வாசலில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். எதுக்கு அப்புடி அலறுனீங்க?"

குடத்தை இறக்கிவைக்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"அவரு செத்த அன்னைக்கு அங்க எத்தன வெடிச்சுது?"

முந்தின நாள் திறந்த வாய் இன்னும் மூடவில்லை போலும். "மூணு" என்றேன்.

"அது அவருக்குத் தெரியுமா?"

"என்னத்தாம்மா கேட்டான். நாலாடான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலைய ஆட்டுனேன்."

இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் சேலையில் வழிந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அவசரக்காரன்னு அஞ்சு வருஷமா அந்த மனுஷனத் திட்டிக்கிட்டு இருந்தேனே அண்ணே. புள்ளையில்லாத வூட்டுல என்னத் தனியா விட்டுட்டு அப்புடி என்ன அவசரம்னு தெனம் திட்டுனேனே. நீங்க ஏங்கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே அதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே."

அவ்வளவுதான். போய்விட்டாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

நான் ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பண்டிகைக்கு நான் வரவில்லை ஐயா, அவள் முகத்தில் விழிக்க முடியாது என்றேன். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயமாத்தாங்க இருக்கும். எல்லாருக்குமே இந்த வருஷம் பயந்தான். யாருக்கும் பழக்கமில்லாததைச் செய்யப்போறோம். நீங்களும் பயந்துக்கிட்டே வாங்க" என்றார்.

போனேன். காலை ஆராதனை. காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்து இடத்துக்கு நான் போகவில்லை. அது என் இடம் இல்லை. கதவுக்கு அருகே கடைசியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. ஐயர் புத்தகத்தை மூடி வைத்தார். வெகுநேரம் ஒருவரும் எழவில்லை. கடைசியில் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பழைய உபதேசியார்தான் முதலில் எழுந்தார். "ஆண்டவரே, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். முப்பது வருஷம் ஜெபம் வாசித்த மனிதர். அதோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தங்கம் நிஜமாகவே மாட்டுக்கு வேண்டினாள், கிடேரிக் கன்றாகப் போட வேண்டும் என்று. சிரிப்பு எழுந்து அடங்கியது.

அப்போது சாராள் எழுந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"ஆண்டவரே, எம் புருஷன் அவசரப்பட்டு எறங்கல. கேட்டுட்டுத்தான் எறங்குனாரு. அது இந்தச் சபைக்குத் தெரியணும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "பதில் சொன்ன அண்ணன என்னால இன்னும் மன்னிக்க முடியல. மன்னிக்கச் சொல்லி நீரு கேக்குறீரு, அது எனக்குக் கேக்குது. ஆனா முடியல. எனக்கு முடியுற நாள் வரைக்கும் அந்த அண்ணன உசுரோட வச்சிரும்."

உட்கார்ந்துவிட்டாள். ஆமென் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. புத்தகத்தில் இல்லாத ஜெபம், எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று யாருக்குத் தெரியும்? ஐயர்கூடச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமென்" என்றேன்.

செத்துப்போக வேண்டும் என்று இரண்டு வருஷம் நான் ஜெபித்தேன். நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒருத்தி ஜெபித்தாள். ஆண்டவர் எங்கள் இருவரில் யாருக்குச் செவிகொடுத்தார் என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள்.

அவன் இப்போதும் வருகிறான். அதை மறைக்க மாட்டேன். கண்ணை மூடினால் கல்தூள் முகத்தோடு நிற்கிறான். ஆனால் கேட்பதில்லை. நான் கண்ணை மூடியே ஜெபிக்கிறேன். திரும்ப வேட்டு வேலைக்குப் போகிறேன். என்னோடு வருகிறவர்களிடம் முதலிலேயே என் கதையைச் சொல்லிவிடுவேன். கிணற்று மேட்டில் யார் குடையோடு வந்து நின்றாலும், என் காதுக்கு ஒன்று குறைந்தால், குறைந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பல தடவை நான் கேட்டது தப்பாகவும் இருந்திருக்கிறது. சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள்.

சபையாரே, உங்களில் யாருக்காவது தலையாட்டிவிட்டு வந்த ஓர் இடம் இருந்தால், என்னைப் போல ஐந்து வருஷம் வைத்திருக்காதீர்கள். வாய் வரவில்லை என்றால் அதையே ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் திறப்பார். திறந்த பிறகு எல்லாம் சுகமாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு ஜெபத்தை யாராவது உங்களுக்காகச் செய்வார்கள்.

போன கிறிஸ்துமஸில், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சாராள் என் அருகில் வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான்.

"இன்னும் இல்லண்ணே" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

"ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதி முடித்தது 1949ஆம் வருஷம் ஜனவரி மாதம் 9ஆம் தேதி.